சீமைக்குப் போன பிள்ளையின் முதல் பதினொரு நாள்

“பாய், மகனைப் படிப்புக்காகச் சீமைக்கு அனுப்பப் போகிறேன். என்ன கொடுத்து அனுப்பலாம்? உங்களுக்குத்தான் அனுபவம் உண்டே!” என்று ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து கப்பித்தான் பள்ளி வாசலில் செருப்பைத் தேடிக் கொண்டிருந்த வேளையில், நம் சங்கத்து அன்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். நின்ற நிலையில் சொல்லக்கூடிய விஷயமா இது? “கைலி இரண்டு, கம்பளிச் சட்டை ஒன்று, மிளகாய்த் தூள் ஒரு பொட்டலம்” என்று சொல்லிச் சிரித்துவிட்டுக் கடைக்கு வந்துவிட்டேன். வந்த பிறகு மனம் கேட்கவில்லை. பெட்டியில் என்ன வைப்பது என்று சொல்ல ஊரில் ஆயிரம் பேர் உண்டு. போய் இறங்கிய முதல் பத்துப் பதினைந்து நாளில் அந்தப் பிள்ளை என்ன பாடு படுகிறான் என்பதைச் சொல்லுவார் இல்லை. பட்டவனும் சொல்ல மாட்டான். ஆகவே அன்று அவரிடம் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். பிள்ளைகளை அனுப்ப எண்ணியிருக்கும் மற்றச் சகோதரர்களுக்கும் இது பயன்படலாம்.

என் மகன் 2025 செப்டம்பரில் மான்செஸ்டர் நகரத்துக்குப் படிக்கச் சென்றான். மான்செஸ்டர் என்றால் நம் முன்னோர்களுக்குத் துணி. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் ஜவுளிக்கடை வைத்திருந்த நம்மவர்கள் அந்த ஊரின் பெயரைப் பீஸ் மேல் ஒட்டியிருந்த சீட்டிலே படித்தார்களேயன்றி ஊரைக் கண்டவர் சிலரே. அங்கே உயர்கல்வி முளைத்ததும் ஒரு துணி வியாபாரியின் பணத்தினால்தான் என்பது நம்மவர் அறிய வேண்டிய செய்தி. ஜான் ஓவன்ஸ் என்ற வியாபாரி 1846ல் காலமானார். கல்லூரி அமைப்பதற்கென்று 96,000 பவுனுக்கு மேல் எழுதி வைத்துச் சென்றார். (பவுன் என்று நான் எழுதுவதெல்லாம் சீமைப் பணம், நகைப் பவுன் என்று எண்ணி யாரும் திகைக்க வேண்டாம்.) படிக்க வருகிறவனிடமோ படிப்பிக்க வருகிறவரிடமோ அவரவர் மதத்தைச் சோதித்துப் பார்க்கக் கூடாது என்பது அவர் இட்ட நிபந்தனை. அந்தக் கல்லூரி 1851ல் திறக்கப்பட்டது. ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் அப்படிப்பட்ட மதச் சோதனைகள் சட்டத்தால் நீக்கப்பட்டதோ 1871ல்தான். பெட்டியடியில் உட்கார்ந்து காசு எண்ணிய ஒரு மனிதருக்கு அவ்வளவு விசாலமான எண்ணம் இருந்திருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

என் அத்தா 1954ல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிப் பினாங்கில் இறங்கியபோது அவருக்கு வயது பதினேழு. கையில் காசு இல்லை, பாஷை தெரியாது. ஆனால் துறைமுகத்தில் ஊர்க்காரர் ஒருவர் நின்றார். கடையின் மேல்மாடியில் ஒரு பாய் விரித்திருந்தது. ஒரே வரிசையில் பதினைந்து பேர் படுத்தார்கள். ஒரே சட்டியில் சோறு வெந்தது. ஒருவன் இரவில் அழுதால் அடுத்த பாய்க்காரனுக்குக் கேட்கும். ஒருவன் பட்டினி கிடந்தால் சோற்றுச் சட்டியில் தெரிந்துவிடும். மறைக்க நினைத்தாலும் மறைக்க இடமில்லாத வாழ்க்கை அது. கிட்டங்கி வாழ்வின் நெருக்கடியைப் பற்றி நாம் குறைப்பட்டுக் கொள்வதுண்டு. அந்த நெருக்கடியே ஒரு காவலாகவும் இருந்தது என்பதை நான் என் மகன் விஷயத்தில்தான் கண்டுகொண்டேன். இன்று நம் பிள்ளைக்குக் கையில் காசு இருக்கிறது, ஆங்கிலம் தெரிகிறது, சட்டைப் பையில் கைப்பேசி இருக்கிறது. துறைமுகத்தில் நிற்கும் அந்த ஊர்க்காரர் மட்டும் இல்லை.

புறப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பே தங்குவதற்கு அறை பார்த்தாயிற்று என்று மகன் சொன்னான். இணையத்தில் பார்த்தானாம். படம் வந்தது, ஒப்பந்தத் தாள் வந்தது, வீட்டுக்காரர் என்று சொல்லிக் கொண்டவரின் பாஸ்போர்ட்டுப் பிரதி கூட வந்தது. ஒரு மாத வாடகை 550, முன்பணம் 500, ஆக 1,050 பவுனை இங்கிருந்தே அனுப்பினோம். கடையில் ஒரு பெட்டி பிஸ்கட் வந்தாலும் பிரித்துப் பார்த்து எண்ணி வாங்குகிற நான், பார்க்காத வீட்டுக்கு ஆயிரம் பவுன் அனுப்பச் சம்மதித்தேன். பிள்ளை படித்தவன், அவனுக்குத் தெரியும் என்ற எண்ணந்தான் காரணம்.

மகன் இரண்டு பெட்டிகளை இழுத்துக் கொண்டு போய்க் கதவைத் தட்டினான். திறந்தவர் ஒரு மூதாட்டி. அவர் அந்த வீட்டிலேயே பல வருஷங்களாகக் குடியிருப்பவர். “இந்த மாதத்தில் நீ மூன்றாவது ஆள், மகனே” என்று சொல்லி உள்ளே அழைத்துத் தேநீர் கொடுத்து அனுப்பினாராம். வீட்டுக்காரர் எண் அதற்குள் பேசாத எண்ணாகி விட்டது.

இது நடந்தது ஒரு சனிக்கிழமை. எனக்குத் தெரிந்தது பதினொரு நாள் கழித்து.

நடுவில் நாள்தோறும் பேசிக் கொண்டுதான் இருந்தோம். “சாப்பிட்டாயா?” என்றால் “சாப்பிட்டேன்”. “குளிரா?” என்றால் “தாங்கலாம்”. அவன் தாயார் கேட்டாலும் அதே பதில். நான் அவனுக்கு ஒரே ஒரு கட்டளை இட்டிருந்தேன்: செலவை நாளேட்டில் எழுதி வாரம் ஒரு தடவை படம் பிடித்து அனுப்ப வேண்டும் என்பது. முதல் வாரம் அனுப்பவில்லை. இரண்டாம் வாரத் தொடக்கத்தில் அனுப்பினான். கடையை அடைத்துவிட்டு, கண்ணாடியைப் போட்டுக் கொண்டு படித்தேன். ரொட்டி, முட்டை, வாழைப்பழம், பஸ் 2 பவுன், பஸ் 2 பவுன், மறுபடியும் ரொட்டி. கூட்டல் சரியாக இருந்தது. ஒரு பென்ஸ் கூடக் குறையவில்லை. ஆனால் நாற்பது வருஷம் சிட்டை பார்த்த கண்ணுக்கு எழுதியிருப்பதைவிட எழுதாததுதான் முதலில் தெரியும். சட்டி வாங்கவில்லை. அரிசி வாங்கவில்லை. உப்பு வாங்கவில்லை. போர்வை, தலையணை எதுவும் வாங்கவில்லை. வீடு எடுத்தவன் உப்பு வாங்காமல் பதினொரு நாள் இருப்பானா?

மறுநாள் அழைத்தேன்.

“தம்பி, அடுப்பு எப்படி இருக்கு?”

“நல்லா இருக்கு அத்தா.”

“சட்டி எத்தனை பவுன் ஆச்சு?”

பதில் இல்லை. வெகு நேரம் பதில் இல்லை. பிறகு எல்லாவற்றையும் சொன்னான். சர்வகலாசாலையின் தொழுகை அறையில் கண்ட ஒரு கெடா மாநிலத்து மலாய்ப் பையன் தன் விடுதி அறையில் தரையில் இடம் கொடுத்திருக்கிறான். அங்கே விருந்தாளி தங்குவதற்கு நாள் கணக்கு உண்டு. ஆகவே இவன் பூனை போல் இரவில் உள்ளே போய் விடியுமுன் வெளியே வந்து, நூலகம் திறக்கும்வரை நடந்திருக்கிறான். முதல் வார வகுப்புகளில் பாதிக்குப் போகவில்லை. திரும்பி வந்துவிடலாம் என்று விமானச் சீட்டு விலையும் பார்த்து வைத்திருக்கிறான்.

“ஏண்டா முதல் நாளே சொல்லவில்லை?” என்று சற்றுச் சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

“நீங்க கடையில் நஷ்டம் வந்தா ஒருநாளும் வீட்டில் சொன்னதில்லையே, அத்தா” என்றான்.

சகோதரர்களே, நான் பதில் சொல்ல முடியாமல் நின்றேன். வியாபாரிக்கு அது ஒரு பழக்கம். இலாபத்தை வீட்டில் காட்டுவோம். நஷ்டத்தைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்குவோம். பிள்ளைகள் பயந்து போவார்கள் என்று எண்ணி மறைக்கிறோம். அவர்கள் அதிலிருந்து கற்பதோ, நஷ்டம் என்பது வெளியே சொல்லத் தகாத குற்றம் என்பதுதான். அன்று காலை முதன்முறையாக அவனிடம் 1998ல் நான் பட்டதைச் சொன்னேன். வெள்ளியின் மதிப்பு விழுந்து, அந்த ஆண்டு செப்டம்பரில் அரசாங்கம் ஒரு அமெரிக்க டாலருக்கு 3 வெள்ளி 80 காசு என்று கட்டி நிறுத்துவதற்குள், வெளியூர்ச் சரக்குக்குக் கொடுக்க வேண்டிய தொகை என் கழுத்தை நெரித்த கதை அது. அவன் அப்போது பிறக்கவில்லை. அவன் தாயாருக்கே அதில் பாதி தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் கொண்டிருந்தவள், மீதியை அன்றுதான் அறிந்தாள்.

அதன்பின் காரியம் இரண்டே நாளில் முடிந்தது. சர்வகலாசாலையில் தங்குமிடம் பார்த்துக் கொடுக்கும் அலுவலகம் ஒன்று உண்டு; மாணவர் சங்கத்தில் இலவசமாக ஆலோசனை சொல்லும் பகுதி ஒன்றும் உண்டு. இப்படிப்பட்டவை அங்கே அநேகமாக எல்லாச் சர்வகலாசாலைகளிலும் இருக்கின்றன. போய் உள்ளதைச் சொன்னான். விடுதியில் காலியாகக் கிடந்த ஓர் அறையைக் கொடுத்தார்கள். இதே உதவி முதல் நாளும் அங்கேயே இருந்தது. வாயைத் திறந்து கேட்கத்தான் ஆள் இல்லை.

போன பணம் போனதுதான். இங்கே ஒரு சட்ட நுணுக்கம் இருக்கிறது. பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல், மோசடிக்காரனுக்குத் தெரியாமல் பணம் அனுப்பியவர்களுக்கு வங்கிகள் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று விதி வந்தது. ஆனால் அந்த விதி பிரிட்டனுக்குள்ளேயே ஒரு கணக்கிலிருந்து மற்றொரு கணக்குக்குப் போகும் பணத்துக்கு மட்டும். பினாங்கிலிருந்து நாம் அனுப்பும் பணத்தை அது காக்காது. ஆகவே சர்வகலாசாலையின் சொந்த விடுதியில், கெடு முடிவதற்குள், நேராக மனுப் போட்டு அறை வாங்குவதே முதல் வருஷத்துக்குச் சரி. வெளி வீடு பார்ப்பதானால் அங்கே போய்க் கதவைத் திறந்து, உள்ளே நின்று பார்த்த பின்பே பணம் கொடுக்க வேண்டும். இங்கிலாந்தில் 2019 ஜூன் முதல் பொதுவாக ஐந்து வார வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. சாதாரணமாக வீட்டையோ அறையையோ வாடகைக்கு எடுக்கும்போது, வாங்கிய முன்பணத்தை வீட்டுக்காரர் 30 நாளைக்குள் அரசாங்கம் அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் பதிவு செய்ய வேண்டும். எந்தத் திட்டம் என்று கேட்டால் உண்மையான வீட்டுக்காரர் சொல்லுவார். பொய்க்காரர் கோபித்துக் கொள்வார்.

பணத்தைப் பற்றி இன்னும் சில வார்த்தை சொல்ல வேண்டும். நாம் வியாபாரிகள், அதில்தான் நம் கண் இருக்கும், தவறும் அதில்தான் செய்வோம்.

போன உடனே வங்கிக் கணக்குத் திறக்க முடியாது. சர்வகலாசாலையில் பதிந்து, அவர்கள் தரும் கடிதத்தை வாங்கி, வங்கிக்குப் போய், அட்டை கைக்கு வருவதற்குச் சில வாரங்கள் கூட ஆகலாம். அதுவரை செலவுக்கு இங்கத்திய வங்கி அட்டையில் பணம் இருக்க வேண்டும். கையில் கொஞ்சம் ரொக்கமும் வேண்டும். நிறைய ரொக்கம் வேண்டாம். 10,000 பவுனோ அதற்கு மேலோ கொண்டு போனால் சுங்கத்தில் அறிவித்தாக வேண்டும்; அதைவிட, இருபது வயதுப் பிள்ளையின் பையில் அவ்வளவு பணம் இருப்பதே தவறு. பெரியப்பா லண்டன் போய் வந்தபோது மீந்தது என்று அலமாரியில் கிடக்கும் பழைய நோட்டுகளைக் கொடுத்தனுப்புகிறவர்களும் உண்டு. காகிதத்தில் அச்சிட்ட 20, 50 பவுன் நோட்டுகள் 2022 செப்டம்பர் 30க்குப் பின் கடைகளில் செல்லாது. 5, 10 பவுன் காகித நோட்டுகள் அதற்கும் முன்பே செல்லாமல் போயின. இங்கிலாந்து வங்கியில் மாற்றலாம். நம் நாணய மாற்றுக் கடைக்காரர்கள் இதை நன்கு அறிவார்கள். மற்றவர்கள் அறிந்து கொள்க.

அடுத்து, கணக்கை இரவல் கொடுப்பது. “உன் கணக்கில் கொஞ்சம் பணம் வரும், அதை இன்னொருவருக்கு அனுப்பிவிடு, உனக்கு இத்தனை பவுன்” என்று புது மாணவர்களைத் தேடி வந்து கேட்கும் கூட்டம் உண்டு. அது திருட்டுப் பணத்தைக் கைமாற்றும் வழி. சட்டப்படி அது பணமோசடிக் குற்றம். உச்ச தண்டனை 14 வருஷச் சிறை. சிறைக்குப் போகாவிட்டாலும் வங்கி கணக்கை மூடிவிடும். வேறு வங்கியில் திறப்பது கஷ்டம். இதில் நம்மவர் மேலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். “லண்டனில் என் சிநேகிதர் மகன் உன்னிடம் ஒரு தொகை தருவான், அதை இன்னாருக்குச் சேர்த்துவிடு, இங்கே நாங்கள் கணக்குப் பார்த்துக் கொள்கிறோம்” என்று தகப்பனே சொல்லிவிடக் கூடும். நமக்குள் அது நம்பிக்கை. அங்கே வங்கிக்காரன் கண்ணுக்கு அதுவும் மேலே சொன்னதும் ஒன்றே. பிள்ளையின் கணக்கில் படிப்புச் செலவைத் தவிர வேறு வரவு வேண்டாம்.

இன்னொன்று, வியாபாரி மகனுக்கு மட்டும் வரும் ஆபத்து. பாட்டிக் சட்டையும் சம்பால் புட்டியும் நாலு பெட்டி அனுப்பினால் பிள்ளை அங்கே விற்றுச் செலவைச் சமாளிப்பானே என்று எனக்கே தோன்றியது. அது கூடவே கூடாது. மாணவர் விசாவில் பட்டப்படிப்புப் படிப்பவன் கல்வித் தவணையின்போது வாரத்துக்கு 20 மணி நேரம் வரை சம்பளத்துக்கு வேலை செய்யலாம். சொந்தத் தொழில், வியாபாரம், தன் பொறுப்பில் எடுத்துச் செய்யும் வேலை எதுவும் செய்யக் கூடாது. இணையத்தில் பத்துச் சட்டை விற்றாலும் அது வியாபாரந்தான். நம் பிள்ளைகளுக்கு இரத்தத்திலேயே வியாபாரம் ஊறியிருக்கிறது. ஆகவே விமானம் ஏறுமுன் இதை அழுத்திச் சொல்லி அனுப்புங்கள்.

விசாவைப் பற்றிச் சுருக்கமாக. முன்பு கொடுத்து வந்த அனுமதி அட்டை இப்போது இல்லை; எல்லாம் இணையத்தில் இருக்கும் மின்விசா. பாஸ்போர்ட்டு அந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறதா என்று புறப்படுமுன் பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்காரர் கேட்டால் கணக்கிலிருந்து ஒரு குறியெண் எடுத்துக் கொடுக்கலாம். அது 90 நாள் செல்லும். வகுப்புக்கு வராமலே இருந்தால் சர்வகலாசாலை அரசாங்கத்துக்குத் தெரிவிக்கும் கடமை உள்ளது. என் மகன் முதல் வாரம் வகுப்புகளை விட்டது எனக்குப் பணம் போனதைவிட அதிகப் பயத்தைக் கொடுத்ததற்கு அதுவே காரணம்.

வைத்தியத்துக்கு நாம் முன்கூட்டியே பணம் கட்டியிருக்கிறோம் என்பதைப் பலர் மறந்து விடுகிறார்கள். விசா மனுவோடு மாணவனுக்கு வருஷத்துக்கு 776 பவுன் சுகாதாரக் கட்டணம் என்று 2024 பிப்ரவரியில் உயர்த்தினார்கள். அதைக் கட்டியவன் முதல் வாரத்திலேயே பக்கத்து வைத்தியரிடம் பெயர் பதிய வேண்டும். பதிவுக்குக் கட்டணம் இல்லை. காய்ச்சல் வந்த பிறகு பதியலாம் என்று இருப்பவன் போர்வைக்குள் கிடந்து தவிப்பான். அவசரத்துக்கு எண் 999, நம் நாட்டைப் போலவே. அவ்வளவு அவசரம் இல்லையென்றால் 111.

பெட்டியில் வைப்பது பற்றி அன்பர் கேட்டாரே, அதற்கும் சொல்கிறேன். மின் செருகிக்கு மாற்றுக்கட்டை வாங்கக் காசை விரயம் செய்ய வேண்டாம். அங்கேயும் நம்முடையதைப் போல் மூன்று சதுரக் கால்தான். நாம் அவர்களிடமிருந்து எடுத்துக் கொண்டதுதானே! இறைச்சிச் செருண்டிங், நெய் டின் இவை வேண்டாம். இறைச்சியும் பால் பண்டமும் நம் நாட்டிலிருந்து கொண்டு போகத் தடை. தாயார் இரவெல்லாம் கிண்டியது சுங்கத்தில் குப்பைக்குப் போகும். மசாலைத் தூள் போகும். தடித்த குளிர்ச் சட்டையை இங்கே வாங்காதீர்கள். இங்கே விலை அதிகம், தரமும் அந்தக் குளிருக்குப் போதாது. அங்கே தர்மக் கடைகள் என்று பழைய சாமான் விற்கும் கடைகள் தெருவுக்குத் தெரு உண்டு. நல்ல கோட்டு மலிவாகக் கிடைக்கும். குடை காற்றில் திரும்பிக் கொள்ளும்; தலைமூடி வைத்த மழைச்சட்டைதான் மான்செஸ்டருக்கு ஏற்றது.

அங்கே வில்ம்ஸ்லோ சாலையில் ரஷோம் பகுதியில் நம் ஆசியக் கடைகளும் சாப்பாட்டுக் கடைகளுமாக இருப்பதால், ஹலால் இறைச்சிக்கும் பத்துக் கிலோ அரிசி மூட்டைக்கும் பஞ்சமில்லை. ஹலால் முத்திரையிலும் வேறுபாடு உண்டு: மயக்கமூட்டி அறுப்பதை ஏற்கும் அமைப்பும் உண்டு, ஏற்காத அமைப்பும் உண்டு. எந்த முத்திரை என்று கேட்டு வாங்கட்டும். மகன் அறை கிடைத்த முதல் நாள் மாலையில் சட்டி வாங்கி, எண்ணெய் காய வைத்து, காய்ந்த மிளகாயைப் போட்டுத் தாளித்தான். புகை மேலே போனது. தீ மணி அடித்தது. ஐந்து மாடிப் பிள்ளைகளும் படுக்கைச் சட்டையோடு தெருவில் வந்து நின்றார்கள். அன்றிரவு அவனுக்கு ஏழெட்டுப் பேர் சிநேகமானார்களாம். கெட்டதிலும் ஒரு நன்மை! ஆனால் மற்றவர்கள் சமையலறைக் கதவைச் சாத்தி, சன்னலைத் திறந்து வைத்துத் தாளிப்பது உத்தமம்.

பேச்சு விஷயம் ஒன்று. ஆங்கிலம் தெரிந்த பிள்ளைதான், ஆனால் அங்கே கடைக்காரரும் பஸ் ஓட்டுநரும் “ஆல் ரைட்?” என்று கேட்பார்கள். நம் பிள்ளை, முகம் வாடியிருக்கிறது போலும், அதனால்தான் கேட்கிறார்கள் என்று எண்ணித் தன் சுகத்தைப் பற்றி விரிவாகச் சொல்லத் தொடங்கியிருக்கிறான். பின்னால் வரிசை நின்றது. அது கேள்வி அல்ல, முகமன். அதே வார்த்தையைத் திருப்பிச் சொன்னால் போதும். அந்த வடபகுதியில் “டீ” என்று அழைத்தால் சில வீட்டில் அது இராச் சாப்பாடு. வகுப்பில் ஆசிரியரைப் பெயர் சொல்லி அழைக்கச் சொல்லுவார்கள். நம் பிள்ளைக்கு நாக்குக் கூசும், பழகிவிடும். வாயை மூடிக்கொண்டு பணிவாக உட்கார்ந்திருப்பதை அங்கே பணிவென்று கொள்ள மாட்டார்கள். படித்து வரவில்லை என்று கொள்வார்கள். பிறர் எழுதியதை எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்லாமல் எழுதினால், பிறர் மார்க்கா ஒட்டிய சரக்கை நம் சீட்டு ஒட்டி விற்றதற்குச் சமம், படிப்பே போய்விடும். இதை என் மகனுக்கு இந்த உவமையால்தான் விளக்கினேன். உடனே புரிந்து கொண்டான்.

கடைசியாக நேரத்தைப் பற்றி. செப்டம்பர் இறுதியில் மான்செஸ்டரில் மக்ரிபு ஏழு மணி சுமாருக்கு, ஏறக்குறைய நம் பினாங்கைப் போலவே. அதைப் பார்த்துப் பிள்ளை ஏமாந்து விடுவான். நாளுக்கு நாள் அது முன்னால் ஓடும். டிசம்பரில் சூரியன் உதிப்பது காலை 8.20 அளவில், மறைவது மாலை 3.50 அளவில். லுஹரும் அஸரும் மக்ரிபும் நாலு மணி நேரத்துக்குள் வந்து விழும். வகுப்பு நடுவில் எழுந்து போக வேண்டி வரும். வெள்ளிக்கிழமை மதியம் வகுப்பு இருக்கிறதா என்று நேர அட்டவணை வந்த அன்றே பார்த்து, ஆசிரியரிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டால் பெரும்பாலும் அனுசரித்துப் போவார்கள்.

நாம் அவனை அழைக்கும் நேரத்தையும் யோசிக்க வேண்டும். கடை அடைத்துவிட்டு இரவு பத்து மணிக்கு நான் அழைத்தால் அவனுக்கு அப்போது பிற்பகல் மூன்று. வகுப்பிலோ நூலகத்திலோ, நாலு பேர் நடுவிலோ இருப்பான். அப்போது “சுகந்தான்” என்பதைத் தவிர வேறு எதைச் சொல்லுவான்? பதினொரு நாளும் நான் அந்த நேரத்தில்தான் அழைத்தேன். உண்மை வெளிவந்த அன்று மட்டும் சுபுஹு தொழுத கையோடு, ஆறேகால் மணிக்கு அழைத்தேன்; அவனுக்கு அது இரவு பதினொன்றேகால். விளக்கை அணைத்தபின் தனியாக விழித்திருக்கும் நேரம் அது. இப்போது வாரம் இரண்டு நாள் அந்த நேரத்தில்தான் பேசுகிறோம். அவன் செலவைச் சொல்கிறான். நான் கடையில் அன்று வந்ததையும் போனதையும் சொல்கிறேன். போன வாரம் ஒரு பெட்டிப் பிஸ்கட் நமுத்துப் போனதைக் கூடச் சொன்னேன். “எத்தனை வெள்ளி, அத்தா?” என்று கேட்டு, தன் நாளேட்டிலேயே ஓர் ஓரத்தில் குறித்துக் கொண்டானாம்.

அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை அங்கே கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளி வைப்பார்கள். ஏழு மணி வித்தியாசம் அன்று முதல் எட்டாகும்; மார்ச்சு கடைசி ஞாயிறு வரை அப்படியே. அதன்பின் நாம் சுபுஹுக்குப் பிறகு ஆறேகால் மணிக்கு அழைத்தால் அவர்களுக்கு இரவு பத்தேகால். அதுவும் நல்ல நேரந்தான்.